நான்கு ஓம்

கடன் அறுநூறு டாலர்.
ரௌனோ அதைத் திருப்பித் தந்த விதம் இது:
பனி கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை
இரவல் வேனில் ஐந்து ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து
என் கூடத்தில் இறக்கிவிட்டுக்
கையைத் தட்டிக்கொண்டான்.
"கணக்கு தீர்ந்தது, ஐலா."
வட்டிக்கு ஓர் ஏலக்காய் ரொட்டி.

யானையைக் கட்டிவிட்டுப் போய்விட்டான் அண்ணன்.
அங்குசம் என் செலவு.

கையில் முந்நூற்றைம்பது, வரியும் அதற்குள்ளே.
மேலே ஒரு காசு போனாலும்
காரின் குளிர்கால டயர் கோபித்துக்கொள்ளும்.
இரவுப்பணி முடிந்த காலைகளில்
மருத்துவமனைக் காலணியைக் கழற்றாமலே
ரிசீவர்களின் விவரத் தாள்களைப் படித்தேன்.
ஏழு சேனல், ஒன்பது சேனல்,
கூரையிலிருந்து மழை பெய்விக்கும் சேனல்.
என் கூரைக்கு மேலே குடியிருப்பவர் கோவல்சுக்.
அங்கிருந்து வருவது போதும்.

நூறு வாட் என்கிறது அட்டைப்பெட்டி.
அடியில் எறும்பெழுத்தில்:
ஒரு சேனல் மட்டும் பாடும்போது,
ஆறு ஓமில், ஒரே ஒரு சுருதியில்,
பத்து சதவீதப் பிசிறைப் பொறுத்துக்கொண்டால்.
ஐந்தும் சேர்ந்து வாய் திறந்தால்?
தாள் மூச்சுவிடவில்லை.
ஏட்டுச் சுரைக்காய்.

அவன் இறக்கிய பெட்டிகளோ நான்கு ஓம்.
சின்ன எண், சின்னப் பசி என்று நினைத்திருந்தேன்.
நேர்மாறாம்.
எண் இறங்க இறங்க வயிறு பெருக்கும்.
யார் வீட்டுப் பொருள் என்று
கேட்கவே வேண்டாம்.

ஆர்தர் தெருக் கடையில் வெண்டெல்
எதையும் போட்டுக் காட்டவில்லை.
"தூக்கிப் பாருங்கள்" என்றார்.
முதலாவது தலையணை மாதிரி வந்தது.
இரண்டாவதற்கு நீல விளக்கு, பளபளப்பு; அதுவும் இலேசு.
மூன்றாவது, யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்தது,
மூலை நசுங்கி, ரிமோட்டுக்கு மூடி இல்லாமல்,
ஐந்தே சேனல்.
தூக்கப் போனதும் என் முழங்கால்கள் தாமாக மடங்கின,
நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது போல.
"டிரான்ஸ்ஃபார்மர்" என்றார் அவர்.
"எடைக்கு விளம்பரம் எழுதத் தெரியாது."
நான்கு ஓம் தாங்குமா?
"பாதிக்கு மேல் சத்தம் ஏற்றாதீர்கள்.
தலைக்கு மேல் ஒரு சாண் காற்று விடுங்கள்."
யோசித்து, "யாருக்குத்தான் வேண்டாம் அது" என்றார்.

வரியோடு முந்நூற்று முப்பத்தெட்டு.
மிச்சத்தில் கொஞ்சம் செப்புக் கம்பி.

கூப்பிடாமலே வந்தான் ரௌனோ.
கம்பியைப் பல்லால் உரித்தான்.
சோபாவில் என் தலை இருக்கும் உயரத்தில்
மைக்கை வைக்கச் சொன்னது திரை.
வாணலியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தேன்.
அறையில் அமைதி தேவை, என்றது அடுத்து.

மூன்று நிமிடம்.
நானும் அவனும் ஓர் அறையில், பேசாமல்.
ஒவ்வொரு மூலையாகச் சீறிப் பார்த்தது கருவி,
கீச்சிட்டது, காது கொடுத்தது.
ஃபிரிட்ஜ்கூட அடங்கிக் கிடந்தது.
வெளியே ஏரிப் பக்கம் பனி வாரும் வண்டி
பின்னால் நகரும் ஒலி,
அதையும் அளந்திருக்கும்.

பிறகு திரையில்:
இடது பின் ஸ்பீக்கர், இணைப்பு தலைகீழ்.

அவனைப் பார்த்தேன்.
அறுநூறு டாலர் பார்வை.
"சரியாகத்தான் கொடுத்தேன்" என்றான்.
எத்தனை முறை கேட்ட வாக்கியம்!
டார்ச்சோடு சோபாவுக்குப் பின்னால் தவழ்ந்து போனேன்.
சிவப்பில் சிவப்பு. கருப்பில் கருப்பு.
மறுமுனையிலும் அப்படியே.

கையேட்டில் நாற்பத்தோராம் பக்கம்:
சுவர் நெருங்கிய அறைகளில்
சரியான இணைப்பையும் கருவி
தவறென்று சொல்லக்கூடும். பொருட்படுத்த வேண்டாம்.

தூசிக்குள் முழங்காலிட்டபடி
அதை இரண்டு முறை படித்தேன்.
"என்ன?" என்றான் மேலிருந்து.

"ஒன்றுமில்லை," என்றேன்,
"தொடர்க என்பதை அழுத்து."